இடுப்பு வலியும் மலாய்க்காரர் ‘உருட்’ வைத்தியமும்



தோட்டத்து ஜனங்களோடு வியாபாரம் செய்யும் நமக்கு இடுப்பு வலி புதிதன்று. பால் மரம் வெட்டுகிறவர் கீழ்ப்பட்டையைக் குனிந்து சீவுகிறார். செம்பனைத் தோட்டத்தில் இருப்பவர் இருபது கிலோ குலையைத் தூக்கி வண்டியில் ஏற்றுகிறார். நாமோ சீனி மூட்டையைப் புரட்டிவிட்டு, பிறகு பொழுது சாயும்வரை கல்லாவில் உட்கார்ந்து விடுகிறோம். வலி எல்லோருக்கும் ஒன்றுதான். வலி வந்ததும் கம்பத்தில் உருட் செய்பவரைத் தேடிப் போகிறோம். அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று விசாரித்துப் போகிறவர் மிகச் சிலரே.

உருட் செய்பவர் முதலில் விரலால் தொட்டு, இறுகிய இடத்தைக் கண்டுகொள்கிறார். பிறகு தேங்காயெண்ணெய் தடவுவார். சிலர் அதில் இஞ்சியும் மிளகும் போட்டுக் காய்ச்சி வைத்திருப்பர். முதுகெலும்பின் மேல் அழுத்தாமல், அதன் இரு பக்கத்துச் சதையையும் பெருவிரலால் அழுத்தி, உள்ளங்கையால் நீள உருவிவிடுவார். சுட்ட கல்லைத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுப்பதும் உண்டு. அதற்குத் ‘துங்கு’ என்று பெயர். ‘உராட்’ என்னும் மலாய்ச் சொல் நரம்பு, தசைநார், இரத்தக் குழாய் மூன்றையும் குறிக்கும். நாம் ‘நரம்பு பிசகிவிட்டது’ என்று சொல்வதும் அந்த மாதிரிதான். பெரும்பாலும் நரம்பு ஒன்றும் பிசகுவதில்லை. வலியால் சதை இறுகுகிறது, இறுக்கத்தால் வலி கூடுகிறது. சூடும் அழுத்தமும் அந்த இறுக்கத்தைத் தளர்த்துகின்றன.

நான்கு வருஷத்துக்கு முன் மூட்டை தூக்கி எனக்கே பிடித்துக்கொண்டது. ருகூவுக்குக் குனிய முடியாமல் நாற்காலியில் அமர்ந்து தொழுதேன். பக்கத்து வீட்டுப் பாக்சிக் மூன்று நாள் பிடித்துவிட்டார், எழுந்து நடமாடினேன். உருட்தான் குணமாக்கிற்று என்று அடித்துச் சொல்லமாட்டேன். திடீரென்று வரும் இடுப்பு வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். ஆனால் படுத்துக் கிடக்காமல் நடக்க வைத்ததே அதன் உபகாரம்.

உலகச் சுகாதார நிறுவனம் 2023இல், நாட்பட்ட இடுப்பு வலிக்கு உடற்பயிற்சியோடு மசாஜையும் உதவக்கூடிய சிகிச்சைகளில் ஒன்றாகச் சேர்த்தது. இடுப்பு பெல்ட்டை வழக்கமாகக் கட்டிக்கொள்வதை அது சிபாரிசு செய்யவில்லை. நம் கடைகளில் அந்த பெல்ட் எத்தனை விற்கிறோம்!

இனிச் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். என் கடைக்கு வரும் தோட்டத்துப் பெரியவர் ஒருவருக்கு இடுப்பு வலியோடு கால் மரத்து, சிறுநீரும் அடைத்துக்கொண்டது. வீட்டார் இரண்டு நாள் உருட் செய்து பார்த்துவிட்டுப் பிறகே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ஆபரேஷன் நடந்தது; ஆனாலும் இன்றுவரை ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறார். பிடித்துவிட்டவரை நான் குறை கூறவில்லை. சிறுநீர் அடைப்பை அவரிடம் ஒருவரும் சொல்லவே இல்லை.

ஆகவே மலஜலம் கட்டுப்பாடு தவறினாலும், தொடையிடுக்கு மரத்தாலும், கால் பலம் குன்றினாலும் ஒரு மணி நேரமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். காய்ச்சலோடு வலி, விழுந்து அடிபட்ட வலி, காரணமின்றி உடம்பு மெலிதல், புற்றுநோய் கண்டவர் ஆகியோர் டாக்டரைப் பார்க்காமல் முதுகைக் கொடுக்கக்கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கியிருந்தால் உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம். அதைப் பிடித்துவிட்டால் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கும். இரத்தம் உறையாதிருக்க மருந்து சாப்பிடுகிறவரும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சர்க்காரும் இதை ஒதுக்கிவிடவில்லை. 2007இல் பினாங்கு கெப்பாலா பத்தாஸ் ஆஸ்பத்திரியில் பாரம்பரிய வைத்தியப் பிரிவு தொடங்கியது. நமது நெகிரி செம்பிலானில் போர்ட்டிக்சன் ஆஸ்பத்திரியிலும் அப்பிரிவு உண்டு. டாக்டரின் கடிதத்தோடு போகவேண்டும். 2016ஆம் வருஷச் சட்டத்தில் மலாய் வைத்தியமும் அங்கீகாரம் பெற்றிருக்கிறது. உருட் செய்பவரிடம் ‘பதிவு செய்திருக்கிறீர்களா’ என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது.

பலமாக அழுத்தினால்தான் பலன் என்று நினைத்து, பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ள வேண்டாம். வலித்தால் ‘சாக்கிட்’ என்று சொல்லுங்கள். நல்ல கைக்காரர் உடனே கையைத் தளர்த்திவிடுவார்.