முதல் வேடர்ஸ் வாங்கப் போறீங்களா? பணத்தை முதல்ல காலுக்குப் போடுங்க

கிவிசேவர், வீட்டுக் கடன், வரி என்று பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் இன்னிக்கு மீன்பிடி உடுப்பா என்று யோசிக்காதீங்க. இதுவும் பணக் கணக்குதான்.

போன வாரம் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து ஒரு நண்பர் நம்ம சேனலுக்கு எழுதியிருந்தார். ஆபீஸ் ஆட்களோடு இரண்டு தடவை ஹுருனுயி ஆற்றுக்கு ட்ரவுட் பிடிக்கப் போயிருக்கிறார். ரொம்பப் பிடித்துவிட்டது. கடைக்குப் போய் விசாரித்தால் வேடர்ஸ் 780 டாலர், பூட்ஸ் 340 டாலர், ஆக மொத்தம் 1,120 டாலர். வீட்டில் ஒரே சம்பளம், இரண்டு வயசுக் குழந்தை. "400 டாலருக்குள் முடியுமா? எதில் குறைக்கலாம், எதில் குறைக்கக் கூடாது?" என்று கேட்கிறார். கேள்வியின் இரண்டாவது பாதி எனக்கு ரொம்பப் பிடித்தது. பல பேர் முதல் பாதியோடு நிறுத்திவிடுவார்கள்.

தெரியாதவங்களுக்காக: வேடர்ஸ் என்றால் கண்ணப்ப நாயனார் மாதிரி வேடர் இல்லை. தண்ணீர் புகாத துணியில் நெஞ்சு வரைக்கும் வரும் கால்சட்டை. ஆற்றுக்குள் இறங்கி நின்று மீன் பிடிப்பவர்கள் போடுவது. அதற்கு மேல் தனியாக ஒரு பூட்ஸ்.

முதல்ல, இது வேணுமா?

எந்தச் செலவுக்கும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான். டுவைஸல், டெகாப்போ பக்கம் இருக்கும் நீர்மின் கால்வாய்களுக்குப் போய்ப் பாருங்க. பெரிய பெரிய ட்ரவுட் அங்கேதான் கிடைக்கிறது. பிடிக்கிறவர்கள் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அதற்கு வேடர்ஸே தேவையில்லை. ஒரு ரெட் பேண்ட் கம்பூட்ஸ் போதும், அதுவும் ஏற்கெனவே உங்க கராஜில் கிடக்கும்.

ஆறுதான் வேணும், இறங்கித்தான் பிடிக்கணும் என்றாலும் உடனே வேடர்ஸ் வாங்க வேண்டியதில்லை. நியூசிலாந்தில் கோடையில் நிறைய பேர் வேடர்ஸ் இல்லாமலேதான் ஆற்றில் இறங்குகிறார்கள். மெல்லிய தெர்மல் லெகிங்ஸ், மேலே ஒரு ஷார்ட்ஸ், காலில் வேடிங் பூட்ஸ், அவ்வளவுதான். நனையும், ஆனால் நடந்தால் காய்ந்துவிடும். இங்கே பெரும்பாலான ஆறுகளில் ட்ரவுட் சீசன் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை. அதில் டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் ஆரம்பம் வரை இந்த முறையிலேயே ஓட்டலாம். வசந்த காலத்தில் பனி உருகி வரும் தண்ணீரில் இதை முயற்சி பண்ணாதீங்க.

இதிலிருந்து ஒன்று புரிகிறது இல்லையா? வேடர்ஸ் இல்லாமல் மீன் பிடிக்கலாம். நல்ல பூட்ஸ் இல்லாமல் ஆற்றில் இறங்க முடியாது. கடைக்காரர் வேடர்ஸிலிருந்து ஆரம்பிப்பார், விலை அதிகம் அங்கேதான். நாம் பூட்ஸிலிருந்து ஆரம்பிப்போம்.

பூட்ஸ்: இங்கே கஞ்சத்தனம் வேண்டாம்

ஆற்றுக் கல் மேல் பாசி படிந்திருக்கும். சாதாரண ரப்பர் அடி அதில் சோப்புக் கட்டி மேல் நடப்பது மாதிரி வழுக்கும். கணுக்கால் ஒரு தடவை முறிந்தால் என்ன ஆகும்? சிகிச்சைச் செலவை ஏசிசி பார்த்துக்கொள்ளும். வருமானம் நின்றால் சம்பளத்தில் 80 சதவீதம் வரை தரும். ஆனால் வேலைக்கு வெளியே நடந்த விபத்துக்கு முதல் வாரத்துக்கு ஏசிசி பணம் கிடையாது. சிக் லீவ் இருந்தால் அதில் கழியும். இல்லையென்றால் கையிலிருந்துதான். ஒரே சம்பளக் குடும்பத்தில் ஆறு வாரம் 20 சதவீதம் குறைந்தால் எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்க. மலிவு பூட்ஸில் மிச்சம் பிடிக்கும் 80 டாலர் அதன் பக்கத்தில்கூட நிற்காது.

இதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. வெளிநாட்டு இணையதளங்களில் ஃபெல்ட் அடி வைத்த பூட்ஸ் மலிவாகக் கிடைக்கும். கம்பளி மாதிரி அழுத்தின துணி அது. வழுக்கும் கல்லில் அதைப்போல் பிடிமானம் தருவது குறைவு என்று பழைய ஆட்கள் சத்தியம் பண்ணுவார்கள், உண்மையும்கூட. ஆனால் நியூசிலாந்தில் அதைப் போட்டு மீன் பிடிக்கத் தடை. 2004-ல் சவுத்லாந்தில் கீழ் வயாவு ஆற்றில் டிடிமோ என்ற பாசியைக் கண்டுபிடித்தார்கள். பார்க்கச் சளி மாதிரி இருக்கும், கல்லையெல்லாம் மூடிவிடும். ஃபெல்ட் சீக்கிரம் காயாது, ஒரு ஆற்றின் ஈரத்தையும் பாசியையும் அடுத்த ஆற்றுக்குச் சுமந்துபோகும். அதனால் 2008-ல் தடை வந்தது. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்திலும் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவிலும்கூடத் தடை உண்டு. அதனால் 90 டாலருக்குக் கிடைத்தது என்று ஃபெல்ட் பூட்ஸ் வாங்கினால், போடவே முடியாத பூட்ஸுக்கு 90 டாலர் கொடுத்ததாக அர்த்தம்.

வாங்க வேண்டியது வேடிங்குக்கென்றே செய்த மென்மையான ரப்பர் அடி. உலோக ஸ்டட் திருகிக்கொள்ள இடம் இருந்தால் நல்லது. ஸ்டட் பிறகு வாங்கிக்கொள்ளலாம். கணுக்காலை மூடி இறுக்கிப் பிடிக்கணும். கடையில் போட்டுப் பார்க்கும்போது உங்க சாதாரண சாக்ஸோடு பார்க்காதீங்க. வேடர்ஸின் அடியில் தடிமனான நியோப்ரீன் சாக்ஸ் இருக்கும், அதனால் ஒரு சைஸ் பெரிதாகத்தான் தேவைப்படும். கடையில் ஒரு ஜோடி நியோப்ரீன் சாக்ஸ் கேட்டால் கொடுப்பார்கள். அப்புறம் கோடையில் வேடர்ஸ் இல்லாமல் இறங்கும்போதும் அதே மாதிரி சாக்ஸ் போட்டால் ஒரே பூட்ஸ் இரண்டுக்கும் ஆகும். இன்னொன்று, உள்ளே பஞ்சு மெத்தை அதிகம் வைத்த பூட்ஸ் காய நாளாகும். அதற்கு ஏன் காசு கொடுக்கணும்?

வேடர்ஸ்: விலையைப் பார்க்காதீங்க, ஒரு டிரிப்புக்கு எவ்வளவு என்று பாருங்க

மூணு வகை இருக்கிறது. பி.வி.சி. ரொம்ப மலிவு, ஆனால் கனமானது, உள்ளே வேர்த்து ஊற்றும். கரைக்கும் காருக்கும் பத்து நிமிஷ நடை என்றால் பரவாயில்லை. நியோப்ரீன் சில மில்லிமீட்டர் தடிமன், குளிருக்கு நல்லது. ஏரியில் அசையாமல் நிற்பவர்களுக்கும் வாத்து வேட்டைக்காரர்களுக்கும் சரி. வெயிலில் கல்லும் மணலுமாக நாலு கிலோமீட்டர் நடக்கிறவருக்கு அது தண்டனை. மூணாவது, வேர்வை ஆவி வெளியே போகும் பிரீத்தபிள் துணி. நம்ம கேன்டர்பரி ஆறுகளில் நடந்து நடந்து பிடிப்பவருக்கு இதுதான் பொருத்தம். குளிர் என்றால் உள்ளே தெர்மல் போட்டுக்கொள்ளலாம். பூட்ஸ் சேர்ந்தே வருவதா, தனியா என்றால் தனியாக வருவதை எடுங்க. ஒன்று போனால் மற்றது மிஞ்சும்.

இப்போ கணக்கு. எண்கள் உதாரணத்துக்கு நான் வைத்துக்கொள்பவை. 160 டாலர் பிரீத்தபிள் வேடர்ஸ் இரண்டு சீசன் வரும், வருஷம் 8 டிரிப் என்றால் 16 டிரிப். ஒரு டிரிப்புக்கு 10 டாலர். 780 டாலர் வேடர்ஸ் எட்டு சீசன் வரும் என்றே வைத்துக்கொள்வோம், 64 டிரிப், ஒன்றுக்கு 12 டாலர் சில்லறை. அட, கிட்டத்தட்ட ஒன்றுதானே, நல்லதையே வாங்கிடலாமே என்று தோணும். கடையில் சொல்லும் வாதமும் இதுதான்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது. நீங்க எட்டு வருஷம் தொடர்ந்து போவீங்க என்று. இரண்டு தடவைதான் போயிருக்கிறவர், இரண்டு வயசுக் குழந்தை வைத்திருப்பவர், வேலை மாறினால் ஆக்லாந்துக்கோ மெல்போர்னுக்கோ போகக்கூடியவர் அப்படிப் போவாரா? அஞ்சு டிரிப்போடு நின்றுவிட்டால் மலிவானது டிரிப்புக்கு 32 டாலர், விலை உயர்ந்தது 156 டாலர். பாதி விலைக்கு விற்றாலும் 78. ஜிம்முக்கு ஒரு வருஷச் சந்தா கட்டிய அனுபவம் நம்ம எல்லோருக்கும் தெரிந்ததுதான். சிம்ஸ், பேட்டகோனியா எல்லாம் நல்ல பொருள், அதில் சந்தேகம் இல்லை. மூணாவது சீசனில் வாங்குங்க. அப்போ எந்த இடத்தில் உங்களுக்குக் கிழிகிறது, எங்கே பாக்கெட் வேணும் என்பதும் தெரிந்திருக்கும்.

மலிவு வேடர்ஸ் பெரும்பாலும் போவது இரண்டு இடத்தில்: தொடை சேரும் இடத்துத் தையல், பாதம் சேரும் இடத்துத் தையல். அதனால் கடையில் போட்டுக்கொண்டு முழுசாகக் குந்தி எழுந்து பாருங்க. ஒரு காலைத் தூக்கி நாற்காலி மேல் வையுங்க. இழுத்துப் பிடித்தால் அந்தத் தையல் சீக்கிரம் பிரியும். தொளதொள என்று இருந்தாலும் துணி உரசித் தேயும், ஆற்றின் வேகமும் பிடித்து இழுக்கும். நம்ம ஆட்களுக்கு உயரத்துக்குச் சரியாக இருந்தால் இடுப்புக்கு இடிக்கும். குட்டையான அளவுகள் இருக்கா என்று கேளுங்க.

இடுப்பு பெல்ட். இதை விட்டுவிட்டு வேடர்ஸ் பேசவே கூடாது. பெரும்பாலும் கூடவே வரும், வராவிட்டால் தனியாக வாங்குங்க. வேடர்ஸுக்குள் தண்ணீர் புகுந்தால் கல்லைக் கட்டின மாதிரி அடியில் இழுத்துவிடும் என்று சொல்வார்கள். அது சரியில்லை. தண்ணீருக்குள் தண்ணீருக்குக் கனம் கிடையாது. ஆபத்து வேறு: நிறைந்த வேடர்ஸோடு எழுந்து கரையேற முடியாது, குளிர் கை கால்களை மரத்துப்போக வைக்கும், ஆறு இழுத்துக்கொண்டு போகும். இறுக்கிக் கட்டின பெல்ட் உள்ளே புகும் தண்ணீரைக் குறைக்கும். விழுந்துவிட்டால் மல்லாந்து, கால் இரண்டும் ஆறு போகும் திசையில் நீட்டி, கரைப் பக்கம் ஒதுங்கணும். நீச்சல் தெரியாதவர் முழங்காலுக்கு மேல் இறங்காமல் இருப்பதே நல்லது, எவ்வளவு விலை உயர்ந்த வேடர்ஸ் போட்டிருந்தாலும்.

கேன்டர்பரியில் இன்னொரு விஷயம். நார்வெஸ்டர் அடிக்கும்போது ஊரில் நல்ல வெயில் இருக்கும், மலையில் மழை கொட்டும், ஆறு பொங்கி வரும். கிளம்புவதற்கு முன்னால் என்விரான்மென்ட் கேன்டர்பரி தளத்தில் ஆற்று நீரோட்ட அளவைப் பாருங்க. இலவசம்.

எங்கே வாங்குறது என்பதும் காசுதான்

வெளிநாட்டுத் தளத்தில் 60 டாலர் மலிவு என்று தோன்றும்போது 15 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்ததா என்று பாருங்க. 1,000 டாலர் வரையிலான பொருளுக்குப் பெரிய வெளிநாட்டு விற்பனையாளர்கள் பில்லிலேயே ஜிஎஸ்டி போடணும், 2019 டிசம்பரிலிருந்து அதுதான் விதி. கூடவே தபால் செலவு. சைஸ் சேராமல் திருப்பி அனுப்பினால் அதுவும் உங்க தலையில்.

இங்கே உள்ள கடையில் வாங்கினால் 1993-ம் வருஷத்து கன்ஸ்யூமர் கேரண்டீஸ் ஆக்ட் உங்க பக்கம் நிற்கும். பொருள் நியாயமான காலம் உழைக்கணும் என்று அது சொல்கிறது. வாரன்டி ஒரு வருஷம் முடிந்ததாலேயே கடைக்காரர் கையை விரிக்க முடியாது. பதினாலாவது மாசம் தையல் தானாகப் பிரிந்தால் பில்லோடு போய்க் கேளுங்க. மட்டகௌரி முள் குத்தின ஓட்டைக்கு அது பொருந்தாது. ட்ரேட் மீயில் தனி ஆளிடம் பழையது வாங்கினால் இந்தச் சட்டம் கிடையாது, வியாபாரியாக விற்பவரிடம் வாங்கினால் உண்டு. பழைய பூட்ஸ் வாங்கலாம், அடியைப் பார்த்தால் நிலைமை தெரிந்துவிடும். பழைய வேடர்ஸில் ஓட்டை கண்ணுக்குத் தெரியாது, அதனால் நான் தவிர்ப்பேன்.

தவணையில் வாங்கலாமா என்றும் நண்பர் கேட்டிருந்தார். பொழுதுபோக்குக்கு வேண்டாம்.

வாங்கினதைக் காப்பாற்றுவது பெரிய வித்தை இல்லை. ஈரத்தோடு மடித்து காரின் பின்னால் போட்டு மறந்துவிடுவதுதான் மலிவு வேடர்ஸை ஒரே சீசனில் கொல்வது. தொங்கவிட்டு உள்ளும் புறமும் காய வையுங்க. வேறு ஆற்றுக்குப் போவதற்கு முன் சுத்தம் செய்து, தொட்டால் காய்ந்திருக்கும் நிலைக்கு அப்புறமும் 48 மணி நேரம் விடணும் என்பது டிடிமோவுக்காகச் சொல்லும் விதி. நம்ம வேடர்ஸுக்கும் அதுவே நல்லது. ஊசி ஓட்டை சந்தேகம் என்றால் பிரீத்தபிள் துணியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தெளித்துப் பாருங்க, ஓட்டை இருக்கும் இடம் கருப்பாகத் தெரியும். அக்வாசீல் ஒரு பொட்டு போதும்.

சரி, நண்பரின் 400 டாலர். இப்போ பூட்ஸ் மட்டும் 200 டாலர் வரைக்கும் போய் வாங்கட்டும். லெகிங்ஸும் நியோப்ரீன் சாக்ஸும் 40. இந்தக் கோடையை அதிலேயே ஓட்டலாம், லைசென்ஸும் முதலில் ஒரு நாள் லைசென்ஸ் எடுத்துப் போகலாம். மீதி 160 தனியாக இருக்கட்டும். ஏப்ரல் கடைசியில் சீசன் முடிந்ததும் கடைகள் விலை குறைப்பார்கள். அப்போதும் போக ஆசை இருந்தால் வேடர்ஸ் வாங்கலாம். இல்லையென்றால் அந்த 160 டாலர் எங்கேயும் போய்விடவில்லை, அக்கவுன்ட்டிலேயே இருக்கும்.