இறுதி நாள்களில் உறக்க மருந்து: ஒரு சிந்தனை

உடலை நீங்கும் வேளை விழிப்போடு அமைதல் வேண்டும் என்பது நம் அறநூல்களின் துணிபு. திருநாதர் குன்றில் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகையை நம்மிற் பலர் கண்டு வணங்கியுள்ளோம். ஆனால் இன்று நம் இல்லத்துப் பெரியோர் புற்றுநோயினால் துடிக்கையில், "உறங்குவதற்கு மருந்து தரலாமா?" என மருத்துவர் வினவினால் நாம் திகைக்கின்றோம். தந்தால் பஞ்ச நமஸ்காரம் அவர் நினைவில் நில்லாதே எனும் அச்சம். தராவிடில் துடிப்பைக் காணப் பொறாத துயரம்.

முதற்கண், வலி மருந்து வேறு, உறக்க மருந்து வேறு என உணர்தல் வேண்டும். மார்ஃபின் வலியையும் மூச்சுத் திணறலையும் தணிப்பது. தொடக்கத்தில் சிறிது மயக்கம் தரினும், பெரும்பாலோர்க்குச் சில நாள்களில் அது குறையும். வேதனையையே எண்ணிக் கலங்குவது ஆர்த்தத் தியானம் அன்றோ? வலி தணிந்த மனமே மந்திரத்தில் நிலைக்கும். ஆதலின் நோன்பு ஏலாதவர்க்கு வலி மருந்தை மறுப்பது அறமாகாது.

மிடசோலம் போன்ற உறக்க மருந்தோ, வேறு எவ்வகையாலும் அடங்காத திணறலுக்கும் அமைதியின்மைக்கும் உரியது. சிறிய அளவில் தொடங்கி, துன்பம் அடங்கும் அளவிற்கே உயர்த்துவர். இரவில் மட்டும் தருவதும், பின்னர் குறைத்துப் பார்ப்பதும் உண்டு. துன்பம் நீக்குவதே இதன் நோக்கம், உயிர் நீக்குவதன்று. பிரமாதத்தால் உயிர்க்கு ஊறு செய்வதே இம்சை எனத் தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கும். அளவறிந்து, கருணையோடு, மருத்துவர் மேற்பார்வையில் தருவது அதனுள் அடங்காது என்பதே எம் கருத்து.

எனினும் முறை ஒன்று உண்டு. சல்லேகனை ஏற்பவர் உணவைக் குறைக்குமுன் சுற்றத்தாரை மன்னித்து, தாமும் மன்னிப்பு வேண்டி, செய்த பிழைகளை ஒளியாது உரைத்தல் வேண்டும் என்பது சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம் காட்டும் நெறி. உறக்க மருந்திற்கும் இவ்வரிசையே பொருந்தும். நினைவு தெளிந்த ஒரு நாழிகையை மருத்துவரிடம் கேட்டுப் பெறுவோம். மன்னிப்பும் விரதமும் மந்திரமும் முடிந்த பின்னர் மருந்து தொடங்கட்டும். விழிப்போடிருக்கவே விரும்பி விரதம் ஏற்றவர்க்கு அவர் இசைவின்றி அதனைத் தருதல் தகாது.

இவ்விருப்பங்களை உடல் நலமாக இருக்கும்போதே எழுதி வைப்பது நன்று. உயிர்காப்புச் சிகிச்சை பற்றிய முன்விருப்ப ஆவணத்தை உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டு ஏற்றது. 2023இல் நடைமுறையை எளிதாக்கியது; இரு சாட்சியருடன் நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் முன் கையொப்பமிடலாம். உறக்க மருந்து பற்றிய விருப்பத்தையும் அதிலேயே குறித்துவைப்போம்.

பெற்றோர் உறக்கத்திலேயே மறைந்தனரே என வருந்தும் பிள்ளைகள் நம்மிடையே உளர். அவர்கள் தம்மைக் குற்றவாளி எனக் கருத வேண்டா. இறுதி நாழிகை மட்டுமன்று, வாழ்ந்த நாளெல்லாம் பயின்ற அறமே உயிருக்குத் துணையாக வருவது.

அறம் வளர்க!