தராசுக்கு முன்

நுழையும்முன்

வீட்டுக்குத் தேவையற்றுப்போன பொருளை என்ன செய்வது? விற்பதா, கொடுப்பதா, கழிப்பதா? சிறியதாகத் தோன்றும் இக்கேள்விக்குள் பொருளியலும் சூழலியலும் பண்பாடும் அடங்கியுள்ளன. கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் நிலத்து வீடுகளை முன்வைத்து, ஒரு பொருளை அதற்குரிய இடத்தில் சேர்க்கும் வழிகளை இப்பாடம் ஆராய்கிறது.

கரிசல் வீடும் பொருளும்

கரிசல் மண் ஈரத்தை எளிதில் விட்டுவிடாது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்த மழையை உள்வாங்கி, அது ஓய்ந்த பின்னும் பருத்திக்கும் சோளத்துக்கும் கொடுத்துக்கொண்டிருக்கும். அம்மண்ணை நம்பி வாழ்ந்தவர்களின் வீடும் அத்தகையதே. வானம் பொய்த்தால் வருவாய் இல்லை என்பதால், கைக்கு வந்த பொருளை எளிதில் கைவிடும் வழக்கம் அங்கு வேரூன்றவில்லை. நைந்த சேலை தொட்டிலாயிற்று. கிழிந்த வேட்டி விளக்குத்திரியாகவும் அடுப்படியின் கரித்துணியாகவும் ஆயிற்று. ஓட்டை விழுந்த வாளியில் துளசி வளர்ந்தது. தேய்ந்த அம்மியைக் கொத்தித் தருபவரும், பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவரும், அரிவாளுக்குச் சாணை பிடிப்பவரும் தெருவழியே வந்தனர். மட்பாண்டம் உடைந்தால் மண்ணிலேயே கலந்தது. அவ்வீட்டில் ‘கழிவு’ என்று தனியே ஒதுக்கத்தக்கது மிகக் குறைவு.

இன்று அந்நிலை மாறியுள்ளது. கோவில்பட்டி, எட்டயபுரம், கழுகுமலை, விளாத்திகுளம் வட்டாரச் சிற்றூர்களிலிருந்து இளைஞர்கள் வேலை தேடிப் பெருநகரங்களுக்குச் சென்றுள்ளனர். பெரியவர்களின் காலத்துக்குப் பின் பூட்டிக் கிடக்கும் வீட்டை ஒருநாள் திறந்து காலிசெய்ய வேண்டியுள்ளது. அங்கே தானியம் சேமித்த குலுக்கையும், கமலை இறைத்த சாலும், ஓலையில் முடைந்த கடகப்பெட்டியும் ஒருபுறம். தமிழ்நாடு அரசு 2006 முதல் வழங்கிய வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியும், 2011 முதல் வழங்கிய மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகியனவும் மறுபுறம். இவற்றுக்கிடையே பழைய புத்தகக் கட்டுகள், வெண்கலக் கும்பா, மூட்டை மூட்டையாகத் துணிகள். விடுமுறையோ இரண்டு நாள். எனவே பழைய பொருள் வாங்குபவரை அழைத்து, அனைத்தையும் தராசில் ஏற்றிவிடுவதே எளிய வழியாகத் தோன்றுகிறது.

தராசு எடையை மட்டுமே அறியும். ஆகவே, ஒரு பொருளைத் தராசில் வைக்கும் முன் அதனிடம் நான்கு கேள்விகளைக் கேட்டல் வேண்டும். இது எவருக்கேனும் ஊறு செய்யுமா? வேறெங்கும் கிடைக்காத செய்தியைச் சொல்லுமா? இன்னும் உழைக்குமா? இவை மூன்றுக்கும் ‘இல்லை’ என்பதே விடையானால், இறுதியாக, இது எதனால் ஆனது? இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. தவறினால் மீட்க முடியாதவை முதலில் வருகின்றன. எப்போதும் கிடைக்கக்கூடிய எடைவிலை கடைசியில் வருகிறது.

ஊறு செய்யும் பொருள்

பொங்கலுக்கு முன்னர் வீட்டைத் தூய்மை செய்து வெள்ளையடிப்பது நம் மரபு. பழைய பாயும் ஓலையும் துடைப்பமும் போகித் தீயில் எரிந்த காலத்தில் சாம்பலே மிஞ்சியது. இன்று அதே தீயில் நெகிழியும் டயரும் மின்கம்பியும் சேர்கின்றன. மின்கம்பியின் மேலுறையான பி.வி.சி. எரியும்போது டையாக்சின் உள்ளிட்ட நச்சுப்பொருள்கள் காற்றில் கலக்கின்றன. செம்பைப் பிரிப்பதற்காகக் கம்பியை எரிப்பவர் சிறு தொகையைப் பெறுகிறார். தம் நுரையீரலையும் தெருவின் காற்றையும் அதற்கு விலையாகக் கொடுக்கிறார்.

படக்குழாயுள்ள பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் கண்ணாடியில் காரீயம் உள்ளது. குழல்விளக்கிலும் சுருள்விளக்கிலும் பாதரசம் உள்ளது. இன்வெர்ட்டர் மின்கலத்தில் காரீயத்தோடு அமிலமும் உண்டு. இவற்றை உடைப்பதும் குப்பையோடு கலப்பதும் தீங்கு. மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2022, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. விற்ற பொருளின் இறுதிநிலைக்கு அதனை உற்பத்தி செய்தவரே பொறுப்பேற்க வேண்டும் என்பது அவற்றின் மையக் கருத்து. மின்கலங்களுக்கும் இத்தகைய விதிகள் 2022இல் வந்தன. புதிய மின்கலம் வாங்கும்போது பழையதைக் கடையிலேயே ஒப்படைத்து விலையில் கழிவு பெறுவது இவ்வகையில் எளிய, பாதுகாப்பான வழியாகும்.

உடலுக்கு மட்டுமன்றி உடைமைக்கும் ஊறு உண்டு. பழைய திறன்பேசியை விற்கும் முன் அதிலுள்ள கணக்குகளிலிருந்து வெளியேறி, தரவுகளை முற்றிலும் அழித்தல் வேண்டும். பழைய தாள்களோடு ஆதார் நகல், வங்கிக் கணக்கு ஏடு, பத்திர நகல் ஆகியன செல்லாதபடி பிரித்தெடுத்தலும் இன்றியமையாதது. சமையல் எரிவாயு உருளை விற்பனைக்குரிய பொருளன்று. இணைப்பைத் துறப்பவர் அதனை முகவரிடம் ஒப்படைத்து வைப்புத்தொகையைத் திரும்பப் பெறலாம்.

பேசும் பொருள்

பித்தளை, வெண்கலப் பாத்திரங்களில் பெயர் வெட்டும் வழக்கம் நம்மிடையே உண்டு. கும்பாவின் விளிம்பிலோ குடத்தின் கழுத்திலோ கொடுத்தவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றைப் புள்ளிகளால் பொறித்திருப்பர். அப்புள்ளிகள் ஒரு குடும்பத்தின் ஆவணம். உருக்கிவிட்டால் உலோகம் எஞ்சும், ஆவணம் எஞ்சாது. மேலும், சீராக வந்த பாத்திரம் அப்பெண்ணின் உடைமை. வீட்டிலுள்ள பிறர் அதனை விலை பேசும் முன் அவருடைய இசைவைப் பெறுவது அறமாகும்.

பேசும் பொருளைக் கழிவென்று கருதியதால் நேர்ந்த இழப்பைத் தமிழுலகம் நன்கறியும். தலைமுறைகள் காத்த ஓலைச்சுவடிகள் பயனற்றவை எனக் கருதப்பட்டுத் தீயிலும் ஆற்றிலும் இடப்பட்டன. உ.வே.சாமிநாதர் (1855 – 1942) ஊர் ஊராகச் சென்று தேடியது, வீட்டார் வேண்டாமென ஒதுக்கிய கட்டுகளுக்குள் எஞ்சியிருந்தவற்றையே. கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா, பிறர் பழந்தாளெனத் தள்ளிய நூல்களையும் இதழ்களையும் நாடக அறிவிப்புகளையும் அழைப்பிதழ்களையும் வாழ்நாள் முழுவதும் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்த பின், ஏறத்தாழ ஒரு இலட்சம் எண்ணிக்கையிலான அத்தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. எடைக்குச் சென்றிருக்கக்கூடிய தாள்கள் இன்று ஆய்வாளர்களின் மூலங்களாக உள்ளன.

கரிசல் வீட்டுக்கும் இது பொருந்தும். குலுக்கை மறைந்தால் அதன் உறுப்புகளைக் குறித்த சொற்களும் மறையும். இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களைத் தொகுத்து அகராதியாக்கினார். சொல்லைக் காத்தவர் ஒருவர். அச்சொல் சுட்டிய பொருளைக் காக்கும் பொறுப்பு வீடுதோறும் உள்ளது. திருகை, மரக்கால், சால் போன்றவற்றை ஊர்ப்பள்ளிக்கோ அருங்காட்சியகத்துக்கோ அளிக்கலாம். அளிக்கும்போது பொருளின் பெயர், பயன், புழங்கிய ஊர் ஆகியவற்றை எழுதிச் சேர்த்தால்தான் அது பேசும். சுவடிகளைச் சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் போன்ற இடங்களில் சேர்ப்பதே முறை.

இத்தகைய பொருளை விற்பதும் தவறன்று. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளின் கதவுகளும் தூண்களும் பாத்திரங்களும் வரிசையாக உள்ளன. அங்கு விலை, எடையைக் கொண்டு அன்றி, வேலைப்பாட்டையும் பழமையையும் கொண்டே அமைகிறது. எனினும், நூறாண்டுகளுக்கு மேற்பட்ட சிற்பம், ஓவியம், கைவினைப்பொருள் ஆகியன 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக்கருவூலச் சட்டத்துக்கு உட்பட்டவை. அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாது.

தெரிந்து தெளிவோம்

இணையவழியில் பழைய பொருளை விற்கும்போது, வாங்குபவராக நடிப்பவர் விரைவுக் குறியீட்டை அனுப்பி, ‘இதனை வருடினால் பணம் வரும்’ என்பார். பணம் பெறுவதற்கு நாம் இரகசிய எண்ணை இட வேண்டியதே இல்லை. இரகசிய எண்ணைக் கேட்டால், பணம் நம்மிடமிருந்து செல்லவிருக்கிறது என்பது பொருள். ஏமாற்றப்பட்டால் உடனே 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

உழைக்கும் பொருள்

இன்னும் உழைக்கக்கூடிய பொருளுக்கு விற்பனை, கொடை என இரு வழிகள் உள்ளன. முதலில் பழுது நீக்கிப் பார்த்தல் நலம். சுற்றாத மின்விசிறிக்குப் பெரும்பாலும் கண்டன்சர் மாற்றுவதோ காயில் கட்டுவதோ போதும். ஓடாத விசிறி இரும்பின் விலைக்குச் செல்லும். ஓடும் விசிறி, விசிறியின் விலைக்குச் செல்லும். கட்டில், பீரோ, தையல் இயந்திரம், மிதிவண்டி போன்றவற்றுக்கு அண்டை அயலிலேயே தேவையிருக்கும். தீப்பெட்டி ஆபீசில் நாட்கூலி பெறும் குடும்பத்துக்குப் புதிய தையல் இயந்திரம் எட்டாத பொருளாக இருக்கலாம். நியாயமான விலையில் கிடைக்கும் பழைய இயந்திரம் பிழைப்புக்கு வழியாகலாம். ‘பழையதைக் கொடுத்துப் புதியதைப் பெறுக’ என்னும் கடைச் சலுகையை ஏற்கும் முன், பழையதைக் கொடுக்காமல் வாங்கினால் என்ன விலை என்றும் கேட்டறிதல் வேண்டும். அவ்விரண்டின் வேறுபாடே நம் பொருளுக்குக் கிடைக்கும் உண்மையான விலை.

கொடை எளிதெனத் தோன்றும். உண்மையில் விற்பனையைவிட மிகுந்த கவனத்தை வேண்டுவது அதுவே. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியபின், நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் நாகப்பட்டினம் கடற்கரைக்குப் பழைய துணிகள் வந்து குவிந்தன. கிழிந்தவையும் அழுக்கானவையும் அப்பகுதி மக்கள் உடுத்தாதவையும் அவற்றுள் இருந்தன. அனைத்தையும் இழந்த நிலையிலும் மீனவ மக்கள் அவற்றை ஏற்க மறுத்தனர். துணிகள் சாலையோரங்களில் கிடந்தன. கொடுத்தவர்க்கு அது கொடை. பெற்றவர்க்கோ அது மற்றுமோர் இழிவு.

அன்ஷு குப்தா 1999இல் தொடங்கிய ‘கூஞ்ச்’ என்னும் அமைப்பு இச்சிக்கலைக் கருத்திற்கொண்டது. பெற்ற துணிகளைத் தரம் பிரித்து, இடத்துக்கும் பருவத்துக்கும் ஏற்பச் சேர்ப்பதோடு, ஊர் மக்கள் கூடிக் கிணறு தோண்டுதல், சாலை சீரமைத்தல் போன்ற பணிகளைச் செய்து, அவற்றுக்கு மதிப்பூதியமாகத் துணியைப் பெறும் முறையை அது நடைமுறைப்படுத்தியது. பெறுபவர் தலைநிமிர்ந்து பெறுகிறார். அன்ஷு குப்தாவுக்கு 2015இல் மகசேசே விருது வழங்கப்பட்டது.

அதே 2015இல் ஈரானின் மஷாத் நகரில், வேண்டியவர் எடுத்துக்கொள்ளவும் மிகுந்தவர் வைத்துச் செல்லவும் ஒரு சுவர் உருவானது. அவ்வழியில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ‘அன்புச் சுவர்’ அமைந்தது. கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவர் முகத்தை ஒருவர் காணாமையே இம்முறையின் சிறப்பு. 2023 மே மாதத்தில் நாடெங்கும் நகராட்சிகள் வழியே ‘குறைத்தல், மறுபயன்பாடு, மறுசுழற்சி’ மையங்கள் திறக்கப்பட்டன. எங்குக் கொடுப்பினும் அளவுகோல் ஒன்றே: இப்பொருளை நம் உறவினர் வீட்டுக்குக் கூசாமல் கொண்டுசெல்வோமா? ஆம் எனில் துவைத்து, பொத்தான் தைத்து, மடித்துக் கொடுக்கலாம்.

உருகும் பொருள்

ஊறு செய்யாத, பேசாத, உழைக்காத பொருளே தராசுக்கு உரியது. இங்கும் அறிவு வேண்டும். கலந்து கொடுத்தால் அனைத்துக்கும் மலிவான உலோகத்தின் விலையே கிடைக்கும். செம்பு, பித்தளை, அலுமினியம், இரும்பு எனப் பிரித்தால் ஒவ்வொன்றும் தனக்குரிய விலையைப் பெறும். புத்தகம், நாளிதழ், அட்டை ஆகியவற்றையும் அவ்வாறே பிரிக்கலாம். இருவரிடமேனும் விலை கேட்பதும், தராசில் எடையளவுத் துறையின் முத்திரை உள்ளதா எனக் காண்பதும் நம் உரிமை.

‘பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்’ என்னும் கூவலைக் கேளாத தமிழ்நாட்டுத் தெரு அரிது. பழந்துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் தருபவரும் வந்தனர். பணம் புழங்காத வீட்டில் பெண்களும் சிறுவர்களும் தாமே நடத்திய வணிகம் அது. இன்றும் மிதிவண்டியிலும் தள்ளுவண்டியிலும் வருபவரே மறுசுழற்சியின் முதல் கண்ணி. அவரிடமிருந்து காயலான் கடைக்கும், அங்கிருந்து மொத்த வணிகருக்கும், பின்னர் உருக்காலைக்கும் ஆலைக்கும் பொருள் செல்கிறது. அரியானாவின் பானிப்பட்டில் பழைய கம்பளி உடைகள் நூலாகி, மீண்டும் போர்வையாகின்றன. பழைய அலுமினியத்தை உருக்குவதற்கு, தாதுவிலிருந்து அதனைப் பிரித்தெடுக்கத் தேவையான ஆற்றலில் ஏறத்தாழ 5 விழுக்காடே போதும். இவ்வளவு பெரிய சேமிப்பின் தொடக்கத்தில் வெயிலில் தெருத்தெருவாக நடப்பவரோடு சில ரூபாய்க்காக நெடுநேரம் வாதிடுவது தகுமா என எண்ணுதல் வேண்டும். உடைந்த கண்ணாடியைத் தனியே தாளில் சுற்றிக் கொடுப்பது அவர் கைக்கு நாம் செய்யும் மரியாதை.

நிறைவாக

ஒரு பொருளை வீட்டைவிட்டு அனுப்புவது, அதற்கு அடுத்த கையைத் தேர்ந்தெடுப்பதாகும். அந்தக் கை தொழிற்சாலையினுடையதாகவோ, அருங்காட்சியகத்தினுடையதாகவோ, அண்டை வீட்டினுடையதாகவோ, தெருவணிகருடையதாகவோ இருக்கலாம். எல்லாப் பொருளுக்கும் ஒரே வழி சிறந்ததாகாது. பெய்த மழையில் ஒரு துளியையும் வீணாக்காத மண்ணில் வாழ்ந்தவர்கள் இதனைத் தம் வறுமையின் வழியே கற்றனர். நாம் வளத்தின் நடுவே கற்க வேண்டியுள்ளது. தராசு காத்திருக்கும், அதற்கு முன் கேட்கவேண்டிய கேள்விகளைக் கேட்போம்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டில் பயன்படாத பத்துப் பொருள்களைப் பட்டியலிட்டு, நான்கு கேள்விகளின் அடிப்படையில் அவை சேரவேண்டிய இடத்தை அட்டவணைப்படுத்துக.

2. வீட்டிலுள்ள பெயர் வெட்டிய பாத்திரம் ஒன்றின் வரலாற்றைப் பெரியோரிடம் கேட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

3. உங்கள் ஊரில் வழக்கொழிந்த வேளாண், சமையல் கருவிகளின் பெயர்களையும் அவற்றின் உறுப்புகளைக் குறிக்கும் வட்டாரச் சொற்களையும் தொகுத்துப் பள்ளிக் கண்காட்சியில் வைக்க.

4. ‘பெறுபவரின் மதிப்பைக் காப்பதே கொடை’ – வகுப்பில் கலந்துரையாடுக.