பத்து நிமிடப் பேச்சுக்கு ஸ்லைடு தயாரிப்பது எப்படி?

வீட்டிற்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறீர்களா? கல்லூரியில் படிக்கும் மகனோ மகளோ இருந்தால், ஒரு நாள் "ப்ராஜெக்ட் வைவாவுக்கு பி.பி.டி. செய்யணும்" என்று அதன் முன் உட்காருவது நிச்சயம். விடுமுறைக்கு என் ஊரான குலசேகரத்துக்கு வரும்போதெல்லாம், அப்படித் தயாரித்த பைல்களை பென் டிரைவில் போட்டுக்கொண்டு மாணவர்கள் சிலர் என்னிடம் வருவார்கள். திறந்து பார்த்தால், ரிப்போர்ட்டில் உள்ள பாராக்கள் அப்படியே ஸ்லைடில் ஒட்டப்பட்டிருக்கும்.

திரையைப் பார்த்து இதைப் படித்தால் என்ன ஆகும்? ரிப்போர்ட் தேர்வாளர் கையிலேயே இருக்கிறது. அதைப் படித்துக் காட்ட அவருக்கு ஆள் தேவையில்லை. செய்த வேலை பல மாத உழைப்பு. அதை அவர் எடைபோடுவது பத்து நிமிடத்தில். அந்தப் பத்து நிமிடத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று பார்ப்போம்.

கொலம்பியா தரும் பாடம்

2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்வெளி ஓடம் புறப்பட்டபோது, எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. ஆபத்து உண்டா என்று கணக்கிட்ட பொறியாளர்கள், முடிவை ஸ்லைடுகளாக நாசா அதிகாரிகளிடம் காட்டினர். அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பு ஆறுதல் தரும்படி இருந்தது. முக்கியமான செய்தியோ கடைசி வரியில், சிறிய எழுத்தில் இருந்தது. சோதனைகளில் பயன்படுத்திய துண்டின் அளவு 3 கன அங்குலம். மோதியதாக மதிப்பிடப்பட்ட துண்டோ 1,920 கன அங்குலம். அதாவது 640 மடங்கு! அந்தச் சோதனைகளை வைத்து இந்த மோதலைக் கணிக்க முடியாது என்பதே இதன் பொருள்.

பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும்போது ஓடம் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்தனர். விபத்துக்கு அந்த ஸ்லைடு மட்டுமே காரணம் அல்ல. ஆனால் 2003 ஆகஸ்டில் வெளியான விசாரணைக் குழுவின் அறிக்கை, அதை அச்சிட்டுக் காட்டி, உயிருக்கு ஆபத்தான செய்தி அதில் எளிதில் கண்ணில் படாது என்று சுட்டிக்காட்டியது.

நமது ப்ராஜெக்ட்டுக்கும் இந்தப் பாடம் பொருந்தும். முடிவு தலைப்பில் இருக்க வேண்டும். அந்த முடிவு எதுவரை செல்லும் என்பதும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

தலைப்பை மாற்றுங்கள்

எங்கள் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஒரு மாணவி ஆய்வு செய்ததாக வைத்துக்கொள்வோம். "பால் வெட்டும் நேரமும் பால் அளவும்" என்று தலைப்பு வைத்தால் கேட்பவருக்கு ஒன்றும் தெரியாது. "வெயில் ஏறிய பிறகு வெட்டினால் பால் குறைகிறது" என்று வையுங்கள். கீழே ஒரே ஒரு வரைபடம் போதும். அடுத்த ஸ்லைடில், "20 மரங்கள், இரண்டு வாரம் மட்டும், மழைக்காலத்தில் பார்க்கவில்லை" என்று எழுதுங்கள். குறையை நீங்களே சொல்லிவிட்டால், தேர்வாளர் அதைக் கண்டுபிடித்துக் கேட்க வேண்டியதில்லை.

பத்து நிமிடத்துக்கு ஆறேழு ஸ்லைடுகள் போதும். என்ன கேள்வி, எப்படிச் செய்தோம், என்ன கிடைத்தது, எதுவரை உண்மை, அடுத்து என்ன என்ற வரிசையில் அமையுங்கள்.

பவர்பாயிண்ட் தரும் உதவிகள்

1. பேச வேண்டியதை ஸ்லைடில் எழுதாமல், அதன் கீழே உள்ள நோட்ஸ் பகுதியில் எழுதுங்கள். புரொஜக்டரை இணைத்ததும் விண்டோஸ் கீயுடன் பி கீயை அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' தேர்ந்தெடுங்கள். ஸ்லைடு ஷோ டேபில் 'யூஸ் பிரசன்டர் வியூ' டிக் செய்யப்பட்டிருந்தால், நோட்ஸ் உங்களுக்கு மட்டும் தெரியும்.

2. அதே டேபில் 'ரிஹர்ஸ் டைமிங்ஸ்' கிளிக் செய்து, வாய்விட்டுப் பேசிப் பாருங்கள். ஒவ்வொரு ஸ்லைடுக்கும் ஆன நேரம் தெரியும். முடிவில் இந்த நேரங்களைச் சேமிக்கவா என்று கேட்கும், 'நோ' கொடுங்கள். 'யெஸ்' கொடுத்தால், நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஸ்லைடு தானாக மாறிவிடும்.

3. எஃப்5 அழுத்தினால் ஸ்லைடு ஷோ தொடங்கும். நடுவில் பி கீயைத் தட்டினால் திரை கறுப்பாகி, எல்லோர் பார்வையும் உங்கள் பக்கம் திரும்பும். மீண்டும் தட்டினால் ஸ்லைடு வந்துவிடும். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸ் தொகுப்பிலும் இந்த இரண்டு கீகளும் இப்படியே இயங்கும்.

4. கேள்விகளுக்கான கூடுதல் அட்டவணைகளை, 'நன்றி' ஸ்லைடுக்குப் பின்னால் வையுங்கள். கேள்வி வந்ததும் அந்த ஸ்லைடின் எண்ணைத் தட்டி என்டர் அழுத்தினால் நேராக அங்கே போகலாம். பதில் தெரியாவிட்டால், "அதை நாங்கள் சோதிக்கவில்லை" என்று சொல்லுங்கள். சுற்றி வளைத்தால் அடுத்த கேள்வி இன்னும் கடினமாக வரும்.

5. தமிழில் ஸ்லைடு தயாரித்தால் யூனிகோட் எழுத்துரு பயன்படுத்துங்கள். விண்டோஸில் உள்ள நிர்மலா யுஐ இதற்கு ஏற்றது. பழைய எழுத்துருக்களில் டைப் செய்தால், அவை இல்லாத கம்ப்யூட்டரில் வெறும் குறியீடுகளாகத் தெரியும். பி.டி.எஃப். நகல் ஒன்றைப் பென் டிரைவில் வைத்து, உங்கள் மின்னஞ்சலுக்கும் அனுப்பிவிடுங்கள்.

பெற்றோர்களுக்கு

"எங்களுக்கு அந்தப் பாடம் தெரியாதே" என்று ஒதுங்க வேண்டாம். முந்தைய நாள் இரவு பிள்ளையை எதிரே நிற்க வைத்துப் பேசச் சொல்லுங்கள். முடிந்ததும் மானிட்டரை அணைத்துவிட்டு, "கடைசியில் என்னதான் கண்டுபிடிச்சே?" என்று கேளுங்கள். ஸ்லைடைப் பார்க்காமல் இரண்டே வாக்கியத்தில் பதில் வந்தால் பேச்சு தயார். வராவிட்டால், கலரையும் அனிமேஷனையும் மாற்றிப் பயனில்லை. அந்த இரண்டு வாக்கியங்களை எழுதிக்கொண்டு மறுபடி பேசிப் பார்க்கச் சொல்லுங்கள்.