கைப்பயிற்சியும் கல்வியே

கல்வி பள்ளிச் சுவர்களுக்குள் அடங்குவதன்று. கருவேப்பிலங்குறிச்சி முதலிய ஊர்களுக்கு அண்மையிலுள்ள விருத்தாசலம், பீங்கான் தொழிலாற் பெயர்பெற்ற நகரம். அத்தொழிலில், களிமண்ணை நீரிற் கரைத்துக் குழம்பாக்கி, பாரிஸ் சாந்தினாற் செய்த அச்சில் வார்ப்பர். அச்சு நீரை உறிஞ்ச, மண் அதன் உட்புறத்திற் சுவர்போற் படியும். ஏற்ற கனம் வந்ததும் எஞ்சிய குழம்பை வடித்துவிடுவர். முந்தி வடித்தாற் சுவர் மெலியும், பிந்தினால் தடிக்கும். அப்பதத்தை அறிதல் அறிவன்றோ? ஆயினும், பட்டயம் இல்லாதாரை உலகம் கல்லாதவர் என்றே ஒதுக்குகின்றது. அதனால் அவர்தம் உயர்வு தடைபடுகின்றது.

புலமையையே சான்றாகக் கொண்ட நிகழ்ச்சியும் நம் நாட்டில் உண்டு. உ. வே. சாமிநாதையர் கல்லூரியிற் பயின்றவரல்லர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங் கேட்டவர். 1880ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரி அவரைத் தமிழாசிரியராக ஏற்றுக்கொண்டது. 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கிச் சிறப்புற்றது.

அன்று ஒருவர்க்கு வாய்த்ததை இன்று பலர்க்கும் உரியதாக்க வழி பிறந்துள்ளது. 2023இல் வெளியான தேசியக் கிரெடிட் கட்டமைப்பு, 30 மணி நேரக் கல்வியை ஒரு கிரெடிட் என்னும் மதிப்பலகாகக் கொள்கின்றது. ஓராண்டுக் கல்விக்கு 40 அலகுகள். தொழில் அனுபவத்தாற் பெற்ற திறனையும், முறையாகச் சோதித்தபின், அக்கணக்கிற் சேர்க்க அஃது இடந்தருகின்றது.

அச்சோதனை இன்றியமையாதது. ஆண்டுகள் கழிந்தமை மட்டும் கல்வியாகாது. கை செய்வதன் காரணத்தை வாயும் கூறவல்லதாதல் வேண்டும். ஏட்டறிவு உடையார் கைத்திறனை மதிப்பாராக. கைத்திறன் உடையார் ஏட்டறிவை நாடுவாராக. இரண்டும் கூடுமிடத்தே கல்வி நிறைவெய்தும்.