வரி வழக்கில் நம் மேல் தீர்ப்பு எழுதுபவர் யார்?

கணியம்பாடியில் மளிகைக் கடை நடத்தும் ஒருவருக்கு, ஜி.எஸ்.டி. அதிகாரி ஒரு லட்ச ரூபாய் கூடுதல் வரி விதித்து ஆணை இடுகிறார் என்று வைத்துக் கொள்வோம். முதல் மேல்முறையீட்டை விசாரிப்பவரும் அதே வரித்துறையின் அதிகாரிதான். துறைக்கு வெளியே உள்ள ஒருவர் கணக்கைப் பார்ப்பது அதற்கு அடுத்த படியில், மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில்தான்.

ஜி.எஸ்.டி. 2017 ஜூலை 1-ல் வந்தது. தீர்ப்பாயம் சட்டப் புத்தகத்தில் இருந்ததே தவிர நடைமுறைக்கு வரவில்லை. தொடக்கச் சட்டப்படி ஒரு நீதித்துறை உறுப்பினருக்கு வரித்துறை உறுப்பினர்கள் இருவர். இது செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. நீதித்துறையினரை விடத் துறையினர் அதிகமாக இருந்தால் அது நீதி வழங்கும் இடமாகாது என்பதே அதன் சாரம். 2023-ல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது மாநில அமர்வில் நீதித்துறை உறுப்பினர் இருவர். மத்திய, மாநில வரித்துறைகளிலிருந்து ஒவ்வொருவர்.

தலைவர் பதவிக்குத் தகுதி இன்னும் உயர்ந்தது. உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தவரோ, உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருப்பவரோ இருந்தவரோதான் வர முடியும். இந்தியத் தலைமை நீதிபதி தலைமையிலான குழு முதல் தலைவராகத் தேர்ந்தெடுத்தவர் நீதியரசர் சஞ்சய குமார் மிஸ்ரா. 2009-ல் ஒரிசா உயர் நீதிமன்ற நீதிபதியானவர்; 2021-ல் உத்தராகண்டுக்கு மாற்றப்பட்டார்; 2023 பிப்ரவரியில் ஜார்க்கண்ட் தலைமை நீதிபதியாகி, அவ்வாண்டு டிசம்பரில் ஓய்வு பெற்றார். 2024 மே 6-ல் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் இவருக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தார். தலைவரின் பதவிக்காலம் நான்கு ஆண்டு அல்லது 70 வயது வரை, எது முந்தியதோ அது. தீர்ப்பாயம் 2025 செப்டம்பரில் முறைப்படி தொடங்கி வைக்கப்பட்டது.

அதுவரை ஏழெட்டு ஆண்டுகள், முதல் மேல்முறையீட்டில் தோற்ற சிறு வணிகர் உயர் நீதிமன்றத்துக்கு ரிட் மனுவோடு போகவேண்டியிருந்தது. வக்கீல் செலவுக்கு அஞ்சிக் கேட்ட வரியைக் கட்டியவர்கள் உண்டு.

நாம் மனத்தில் கொள்ள வேண்டியவை:

1. முதல் மேல்முறையீட்டுக்குக் காலம், ஆணை கிடைத்ததிலிருந்து மூன்று மாதம். தக்க காரணம் காட்டினால் மேலும் ஒரு மாதம் மட்டுமே. ஆணை பெரும்பாலும் இணையதளத்தில்தான் வருகிறது. தபாலை எதிர்பார்த்து இராமல் வாரம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

2. ஒப்புக்கொண்ட வரியை முழுவதும் கட்ட வேண்டும். தகராறு வரி ஒரு லட்சமானால், முதல் மேல்முறையீட்டுக்கு ரூ.10,000, தீர்ப்பாயத்துக்கு மேலும் ரூ.10,000 முன்பணம். தீர்ப்பாயத்துக்கு முன்பு 20 சதவீதமாக இருந்ததை 2024-ல் 10 சதவீதமாகக் குறைத்தார்கள்.

3. தமிழகத்தில் சென்னை, மதுரை, கோயம்புத்தூர் என அமர்வுகள் அறிவிக்கப்பட்டன. நமக்குப் பக்கம் சென்னை.

நீதிபதி எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், கொள்முதல் பில்லும் சரக்கு வந்த சீட்டும் பணம் செலுத்திய ஆதாரமும் இல்லாதவருக்கு அவர் உதவ முடியாது. அவற்றை ஆண்டு வாரியாகக் கட்டி வைப்பது நம் வேலை.