சாரமும் சாரணர் கட்டும்

வண்டியூரில் எங்க தெருவில் சாரம் சரிந்து ஒரு கொத்தனாருக்குக் கால் முறிந்தது. சவுக்குக் கம்பு ஒடியவில்லை, கட்டுதான் நெகிழ்ந்துவிட்டது. பள்ளியில் சாரணனாக இருந்தபோது படித்த சதுரக்கட்டு நினைவுக்கு வந்தது. (சாரணியம் நமக்குச் சும்மா கிடைக்கலை. வெள்ளையர் சங்கம் இந்தியச் சிறுவர்களைச் சேர்க்காததால், 1916-ல் அன்னி பெசன்ட் சென்னையில் தனிச் சங்கமே தொடங்கினார்.)

நிற்கும் கம்பில் க்ளோவ் ஹிட்ச் போட்டு, குறுக்குக் கம்பையும் சேர்த்து மூன்று சுற்று இறுக்குங்க. பிறகு இரு கம்புக்கும் நடுவே, போட்ட சுற்றுகளையே நெரிக்கிற மாதிரி இரண்டு சுற்று. உயிரே இதில்தான், அவசரத்தில் விடுவதும் இதைத்தான். குறுக்குக் கம்பில் இன்னொரு க்ளோவ் ஹிட்ச் போட்டு முடிங்க.

பழகுவதற்கு சர்வே லேப் ரேஞ்சிங் ராடை மட்டும் எடுத்துடாதீங்க, சார் தொலைச்சுடுவார்!